டைனமைட் குச்சிக்குள்ள எவ்வளவு ஆற்றல் இருக்கு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டைனமைட்னா சரியா என்ன?

நைட்ரோகிளிசரின்னு ஒரு திரவம் இருக்கு, பார்க்க எண்ணெய் மாதிரி கெட்டியா இருக்கும், லேசா தட்டினாலோ கீழ விழுந்தாலோ வெடிக்கக்கூடியது. அதை அப்படியே வச்சுக்க முடியாதுங்கறதால உறிஞ்சிக்கிற ஒரு பொருளுக்குள்ள ஊற வச்சு, பேப்பர்ல சுத்தி குச்சியா ஆக்கினதுதான் டைனமைட். ஆல்ஃபிரட் நோபல் 1867ல இதுக்கு காப்புரிமை வாங்கினார். அவர் முதல்ல உறிஞ்ச வச்சது கீசல்கர்னு சொல்ற ஒரு மண்ணு. டயட்டம்னு கண்ணுக்கே தெரியாத பாசி வகை ஒண்ணு தண்ணில வாழுது, அதோட உடம்பைச் சுத்தி சிலிக்கா ஓடு இருக்கும், அது செத்து லட்சக்கணக்கான வருஷமா அடியில படிஞ்சு உண்டான மண்ணுதான் இது. முழுக்க நுண்ணிய துளைகள், அதனால தன் எடையை விட அதிகமான திரவத்தை குடிச்சுட்டு அப்பவும் கையில எடுக்கற பதத்துல மாவு மாதிரி இருக்கும்.

அப்போ வெடிக்கறது மண்ணு இல்ல?

இல்ல. மண்ணு சும்மா பிடிச்சு வச்சிருக்கு, அவ்வளவுதான். ஆற்றல் முழுக்க நைட்ரோகிளிசரின்ல இருந்து வருது. சொல்லப்போனா மண்ணு எரியாத பொருள்ங்கறதால அது கலந்த அளவுக்கு வெடியோட பலம் குறைஞ்சுதான் போகுது, நோபலுக்கும் அது தெரியும். கொஞ்சம் பலத்தை விட்டுக்கொடுத்து பாதுகாப்பை வாங்கினார். பின்னாடி வந்த டைனமைட் வகைகள்ல இந்த சும்மா கிடக்கற மண்ணை எடுத்துட்டு, எரியக்கூடிய பொருளையே உறிஞ்சியா வச்சாங்க.

ஒரு குச்சில எவ்வளவு ஆற்றல் இருக்கு?

இதுதான் எல்லாரும் கேக்கறது, பதில்தான் யாரும் எதிர்பார்க்காத மாதிரி இருக்கும். ஒரு கிலோ டைனமைட்ல சுமார் 5 மெகாஜூல். சாதாரணமா ஒரு குச்சி 20 சென்டிமீட்டர் நீளம், 3 சென்டிமீட்டருக்கு கொஞ்சம் கூடுதலா அகலம், 200 கிராமுக்கு கொஞ்சம் கம்மியா எடை. அப்போ ஒரு குச்சிக்கு ஏறக்குறைய 1 மெகாஜூல்.

1 மெகாஜூல்னா எவ்வளவு? கரண்ட் பில் கணக்குல 0.28 யூனிட், கால் யூனிட்டை விட கொஞ்சம் அதிகம். 75 வாட் சீலிங் ஃபேனை நாலு மணி நேரத்துக்கு கொஞ்சம் கம்மியா ஓட்டலாம். சாப்பாட்டு கணக்குல சொன்னா சுமார் 240 கலோரி, அதாவது காலைல சாப்பிடற நாலு இட்லி. சர்க்கரைனா 60 கிராம் போதும். 

நம்பவே முடியல, இட்லில இருக்கற ஆற்றல்தானா பாறையை உடைக்குது?

ஆற்றலோட அளவு அதேதான், வெளிய வர்ற வேகம் வேற. இந்தப் பக்கத்துல ஒரே ஒரு விஷயம் மனசுல நின்னா போதும்னா அது இதுதான், ஏன்னா டைனமைட்டைப் பத்தி இருக்கற பாதி குழப்பம் இங்கதான் ஆரம்பிக்குது.

பள்ளிக்கூடத்துல ஆற்றல்னு ஒண்ணு, திறன்னு ஒண்ணு படிச்சிருப்போம். எவ்வளவு வேலை செய்ய முடியும்ங்கறது ஆற்றல், அதை எவ்வளவு வேகமா செஞ்சு முடிக்குதுங்கறது திறன். இட்லி செரிச்சு அந்த 240 கலோரி உடம்புல சேர மணிக்கணக்காகுது. டைனமைட்ல வெடிப்பு அலை குச்சியோட ஒரு முனையில இருந்து இன்னொரு முனைக்கு ஒரு வினாடிக்கு பல கிலோமீட்டர் வேகத்துல ஓடும். வகையைப் பொறுத்து மாறும், கணக்குக்கு 5 கிலோமீட்டர்னு வச்சுக்குவோம். 20 சென்டிமீட்டரை கடக்க எவ்வளவு நேரம்? 40 மைக்ரோ வினாடி. ஒரு வினாடியை பத்து லட்சம் பங்கா வெட்டி அதுல 40 பங்கு. கண்ணை ஒரு தடவை இமைக்கறதுக்குள்ள இது ரெண்டாயிரம் தடவைக்கு மேல நடந்து முடிஞ்சிடும்.

இப்போ வகுத்துப் பாருங்க, 1 மெகாஜூலை 40 மைக்ரோ வினாடியால வகுத்தா 25 ஜிகாவாட் வருது. கூடங்குளத்துல இப்போ ஓடற அணு உலை ஒண்ணோட திறன் 1000 மெகாவாட், அதாவது 1 ஜிகாவாட். அப்போ அந்த நாப்பது மைக்ரோ வினாடிக்கு மட்டும், கைக்குள்ள அடங்கற ஒரு குச்சி 25 அணு உலைக்கு சமமான திறனை வெளிய விடுது. அதுக்கப்புறம் ஒண்ணுமில்ல, முடிஞ்சு போச்சு. பாறை உடையறது இதனாலதான்.

பெட்ரோல்ல இதை விட அதிக ஆற்றல் இருக்குன்னு சொல்றாங்களே?

ஆமா, ஒரு கிலோ பெட்ரோல்ல சுமார் 46 மெகாஜூல், டைனமைட்டை விட ஒம்போது மடங்கு. காஞ்ச விறகுலயே கிலோவுக்கு 16 இருக்கு. ஆனா இந்த ஒப்பீடு கொஞ்சம் நியாயமில்லாதது, ஏன்னா பெட்ரோலும் விறகும் எரியறதுக்கு வேண்டிய ஆக்சிஜனை காத்துல இருந்து எடுத்துக்குது, அந்த எடையை நாம கணக்குல சேர்க்கறதே இல்ல. ஒரு கிலோ பெட்ரோல் முழுசா எரிய கிட்டத்தட்ட 15 கிலோ காத்து வேணும், அந்த காத்தையும் சேர்த்து எடை போட்டா ஒரு கிலோ கலவைக்கு 3 மெகாஜூல்தான் தேறும். நைட்ரோகிளிசரின் தனக்கு வேண்டிய ஆக்சிஜனை மூலக்கூறுக்குள்ளயே வச்சிருக்கு, வெளிய இருந்து ஒரு துளி காத்து வேண்டாம், அதனாலதான் பாறைக்குள்ள துளை போட்டு அடைச்ச இடத்துலயும் தண்ணிக்கு அடியிலயும் கூட வெடிக்குது. 

அந்த ஆற்றல் மூலக்கூறுல எங்க ஒளிஞ்சிருக்கு?

"பிணைப்பு உடையும்போது ஆற்றல் வெளிய வரும்"னு நிறைய பேர் சொல்லுவாங்க, இது தப்பு. எந்த பிணைப்பையும் உடைக்க ஆற்றல் செலவுதான் ஆகும், புதுப் பிணைப்பு உண்டாகும்போதுதான் வெளிய வரும். நைட்ரோகிளிசரின்ல கார்பன், ஹைட்ரஜன், நைட்ரஜன், ஆக்சிஜன் நாலும் இருக்கு. நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்திருக்கற இடம் பலவீனமான பிணைப்பு, லேசுல விட்டுப்போயிடும். அது விட்டதும் ஆக்சிஜன் கார்பனோட சேர்ந்து கார்பன் டை ஆக்சைடு, ஹைட்ரஜனோட சேர்ந்து நீராவி, தனியா நின்ன நைட்ரஜன் அணுக்கள் ரெண்டு ரெண்டா சேர்ந்து நைட்ரஜன் வாயு. இந்த மூணுமே ரொம்ப உறுதியான மூலக்கூறுகள், அதுலயும் நைட்ரஜன் வாயுல இருக்கற மும்மை பிணைப்பு இயற்கையில இருக்கற ரொம்ப பலமான பிணைப்புகள்ல ஒண்ணு. உடைக்க செலவானது கொஞ்சம், சேரும்போது வந்தது நிறைய, அந்த வித்தியாசம்தான் வெப்பமா வெளிய வருது. வெடிச்சு முடிஞ்சப்புறம் கொஞ்சம் ஆக்சிஜன் மீதம் கூட இருக்கும், அவ்வளவு கச்சிதமா அமைஞ்ச மூலக்கூறு.

இன்னொண்ணு, உண்டாகற எல்லாமே வாயு. அரை லிட்டருக்கு கொஞ்சம் கூடுதலா இருக்கற ஒரு கிலோ திரவம் சாதாரண வெப்பநிலை கணக்குலயே சுமார் 700 லிட்டர் வாயுவா மாறுது. வெடிக்கற நேரத்துல அது பல ஆயிரம் டிகிரி சூட்டுல இருக்குங்கறதால இன்னும் பல மடங்கு விரிய பார்க்கும், ஆனா விரிய நேரமே இல்லாததால அவ்வளவு வாயுவும் அந்த சின்ன இடத்துலயே அழுந்தி நிக்கும்.

பாறை எப்படி உடையுது?

ரெண்டு கட்டமா. முதல்ல அதிர்ச்சி அலை பாறைக்குள்ள பாஞ்சு மயிரிழை மாதிரி விரிசல்களை உண்டாக்குது. அடுத்து அழுத்தத்துல இருக்கற வாயு அந்த விரிசல்களுக்குள்ள புகுந்து அகலப்படுத்தி பாறையைத் தள்ளி விடுது. துளையோட வாயை மண்ணு போட்டு அடைக்கறது இதுக்குத்தான், இல்லன்னா வாயு வந்த வழியே வெளிய போயிடும். கல்குவாரில வெடி சத்தம் கேட்டு தூரத்துல இருந்து பார்த்தவங்களுக்குத் தெரியும், கல்லு உயரமா பறக்கறது நல்ல வெடி இல்ல. அப்படி பறந்தா பாறையை உடைக்க வேண்டிய ஆற்றல் வீணாகி, பக்கத்துல இருக்கறவங்களுக்கு ஆபத்தா மாறிடுச்சுன்னு அர்த்தம்.

பட்டாசு, கருமருந்து, டைனமைட் எல்லாம் ஒண்ணுதானே?

இல்லவே இல்ல. கருமருந்து எரியுது, ரொம்ப வேகமா எரியுது, ஆனா ஒலியோட வேகத்தைத் தாண்டாது. ஒரு துகள் எரிஞ்சு அந்த சூடு அடுத்த துகளை பத்த வைக்கணும். டைனமைட்ல சூடு பரவறதுக்கு காத்திருக்கறதே கிடையாது, அழுத்த அலையே ஒலியை விட வேகமா ஓடி, போற வழியில இருக்கற மூலக்கூறுகளை உடைச்சுட்டே போகுது. சிவகாசி பட்டாசுல டைனமைட் கிடையாது, பேர் அணுகுண்டுன்னு போட்டிருந்தாலும் சரி.

நீலகிரில அருவங்காட்டுல இருக்கற கார்டைட் ஃபேக்டரி பத்தியும் கேட்பாங்க. நூறு வருஷத்துக்கு மேல பழசு அது. கார்டைட்ல நைட்ரோகிளிசரின் உண்டு, ஆனா பஞ்சுல இருந்து செய்யற நைட்ரோசெல்லுலோஸ்ங்கற பொருளோட சேர்த்து, துப்பாக்கிக் குழாய்க்குள்ள வெடிச்சு சிதறாம எரிஞ்சு குண்டைத் தள்ளற மாதிரி பண்ணினது. ஒரே மூலக்கூறு, அதை என்ன கூட சேர்த்து எப்படி வைக்கறோம்ங்கறதைப் பொறுத்து குணமே மாறிடுது.

டிஎன்டியும் டைனமைட்டும்?

வேற வேற. டிஎன்டிங்கறது ட்ரைநைட்ரோடொலுயின், 1863ல ஜெர்மன்காரர் யூலியஸ் வில்பிராண்ட் உண்டாக்கினது, மஞ்சள் நிறத் திடப்பொருள், அதுல நைட்ரோகிளிசரின் கிடையாது. டைனமைட் பாறைக்கும் சுரங்கத்துக்கும் போச்சு, டிஎன்டி பெரும்பாலும் ராணுவத்துக்கு. கிலோவுக்கு ஆற்றல் டைனமைட்டை விட கொஞ்சம் கம்மி. அணுகுண்டுக்கு "இத்தனை கிலோ டன்"னு சொல்றது டிஎன்டி கணக்கு, ஒரு டன் டிஎன்டின்னா 4.184 ஜிகாஜூல்னு வரையறுத்து வச்சிருக்காங்க.

நோபல் இதைத் தற்செயலா கண்டுபிடிச்சாரா?

கப்பல்ல நைட்ரோகிளிசரின் டின் ஒழுகி, பெட்டிக்குள்ள அதிராம இருக்க போட்டிருந்த மண்ணுல ஊறி இருந்ததைப் பார்த்துதான் கண்டுபிடிச்சார்னு ஒரு கதை ரொம்ப நாளா ஓடுது. நோபலே அதை மறுத்திருக்கார், பல பொருள்களை வேணும்னே ஒவ்வொண்ணா சோதிச்சுத்தான் இதுக்கு வந்தேன்னு சொன்னார். அவர் குடும்பத்துல நடந்ததை பார்த்தா ஏன் அப்படி தேடினார்னு புரியும்.

நைட்ரோகிளிசரினை 1847ல முதல்ல உண்டாக்கினவர் இத்தாலில டூரின்ல இருந்த அஸ்கானியோ சொப்ரேரோ. அவர் இதைப் பார்த்து பயந்தார், யாரும் பயன்படுத்த வேண்டாம்னு எச்சரிச்சார். நோபல் குடும்பம் ஸ்டாக்ஹோம்ல ஹெலனெபோரிங்கற இடத்துல தயாரிக்க ஆரம்பிச்சாங்க. 1864 செப்டம்பர் 3ஆம் தேதி அங்க வெடிச்சு, ஆல்ஃபிரடோட தம்பி எமில் உட்பட சிலர் செத்துப்போனாங்க. நகரத்துக்குள்ள இனிமே கூடாதுன்னு தடை வந்துச்சு, ஆல்ஃபிரட் ஏரியில ஒரு படகுல வச்சு வேலையைத் தொடர்ந்தார். 1866ல சான் பிரான்சிஸ்கோவுல ஒரு பார்சல் கம்பெனி ஆபீஸ்ல ஒழுகிட்டிருந்த பெட்டியை, உள்ள என்ன இருக்குன்னே தெரியாம திறக்கப் போய் வெடிச்சு 15 பேர் செத்தாங்க. அதே வருஷம் ஹாம்பர்க் பக்கத்துல இருந்த நோபலோட சொந்த ஆலையும் வெடிச்சது. இவ்வளவுக்கும் அப்புறம்தான் 1867.

திரவமா இருந்தப்போ பயங்கரமா இருந்தது, மண்ணுல ஊறினதும் ஏன் சாதுவாச்சு?

திரவத்துல சின்னச் சின்ன காத்துக் குமிழ் இருக்கும், அடி பட்டா அந்தக் குமிழ் நசுங்கி அந்த இடம் மட்டும் திடீர்னு சூடாகும், அந்த ஒரு புள்ளி போதும் மொத்தமும் வெடிக்க. மண்ணோட துளைகளுக்குள்ள பிரிஞ்சு உக்காந்துட்டா அடியோட அதிர்ச்சியை மண்ணே வாங்கிக்குது. ஆனா இதனால இன்னொரு பிரச்சனை வந்தது, சும்மா நெருப்பு வச்சா சரியா வெடிக்கல. அதுக்கு நோபல் ஏற்கனவே டெட்டனேட்டரை கண்டுபிடிச்சு வச்சிருந்தார், ஒரு சின்ன வெடியோட அதிர்ச்சியால பெரிய வெடியை கிளப்பற முறை. என்னைக் கேட்டா டைனமைட்டை விட இதுதான் அவரோட பெரிய கண்டுபிடிப்பு, இன்னைக்கும் உலகத்துல எந்தச் சுரங்கத்துலயும் இந்த அடிப்படை மாறல. சாதுவாச்சுன்னு நம்பி யாரும் நெருப்பு கிட்ட கொண்டு போகக்கூடாது, எரிய ஆரம்பிச்ச டைனமைட் வெடிப்பா மாறின விபத்துகள் இருக்கு.

பழைய டைனமைட் ஏன் அதிக ஆபத்து?

வருஷக்கணக்கா கிடந்தா உள்ள ஊறின நைட்ரோகிளிசரின் மெல்ல வெளிய கசியும், குச்சி வேர்த்த மாதிரி இருக்கும், பெட்டிக்கு அடியில தேங்கும். கசிஞ்சது மறுபடி அந்தப் பழைய திரவமேதான், 1864ல இருந்த அதே ஆபத்து. குளிர் நாடுகள்ல இன்னொரு தொல்லை, சுமார் 13 டிகிரிக்கு கீழ போனா நைட்ரோகிளிசரின் உறைஞ்சிடும், உறைஞ்ச குச்சியை சூடு காட்டி இளக வைக்கப் போய் செத்த தொழிலாளிங்க அந்தக் காலத்துல ஏராளம்.

இவ்வளவு டைனமைட்டால என்னதான் சாதிச்சாங்க?

மலையைக் குடையறது, துறைமுகம், ரயில் பாதை, தங்கச் சுரங்கம். ஆல்ப்ஸ் மலைக்கு அடியில 15 கிலோமீட்டர் நீள கோட்ஹார்ட் ரயில் சுரங்கம் 1872ல ஆரம்பிச்சு 1882ல திறந்ததுல டைனமைட்டுக்கு பெரிய பங்கு. ஆனா பனாமா கால்வாய்தான் உச்சம். அமெரிக்கா வெட்டின காலத்துல 2 கோடியே 70 லட்சம் கிலோவுக்கு மேல டைனமைட் செலவாச்சு. 1908 டிசம்பர் 12ஆம் தேதி பாஸ் ஒபிஸ்போங்கற இடத்துல 22 டன் டைனமைட் நேரத்துக்கு முன்னாடியே வெடிச்சு 23 பேர் செத்தாங்க. அங்க வேலை பார்த்தவங்கள்ல பெரும்பாலானவங்க பார்படாஸ் மாதிரி கரீபியன் தீவுகள்ல இருந்து கூலிக்கு வந்தவங்க. கால்வாய் கதையைச் சொல்லும்போது இஞ்சினியர் பேர் வருது, துளை போட்டு குச்சி வச்சவங்க பேர் வர்றதில்ல, அது எனக்கு எப்பவும் வருத்தம்.

இங்கயும் கணக்கு போட்டுப் பார்க்கலாம். 2.7 கோடி கிலோவை 5 மெகாஜூலால பெருக்கி யூனிட்டா மாத்தினா சுமார் 3.75 கோடி யூனிட். கூடங்குளத்துல ரெண்டு உலை முழுத் திறன்ல ஒரு நாள் ஓடினா 4.8 கோடி யூனிட் கிடைக்கும். பத்து வருஷமா ஒரு கண்டத்தை ரெண்டா வெட்டின மொத்த டைனமைட்டோட ஆற்றலும் ஒரு மின் நிலையத்தோட ஒரு நாள் உற்பத்திக்குள்ள அடங்கிடுது.

நைட்ரோகிளிசரின் இதய மாத்திரைன்னும் சொல்றாங்க, அதே பொருளா?

அதே பொருள்தான். டைனமைட் ஆலைல வேலைக்கு சேர்ந்தவங்களுக்கு முதல் நாளே மண்டை பிளக்கற தலைவலி வரும். தோல் வழியாவும் மூச்சு வழியாவும் உள்ள போன நைட்ரோகிளிசரின் ரத்தக் குழாயை விரிக்கறதுதான் காரணம். ரெண்டு மூணு நாள்ல உடம்பு பழகிடும், ஞாயித்துக்கிழமை லீவுல பழக்கம் விட்டுப்போகும், திங்கக்கிழமை மறுபடி தலைவலி. இதுக்கு பயந்து சில தொழிலாளிங்க தொப்பி ஓரத்துல கொஞ்சம் தடவிக்கிட்டு வீட்டுக்கு போவாங்களாம், லீவு நாள்லயும் உடம்பு மறக்காம இருக்க.

1879ல லண்டன் டாக்டர் வில்லியம் மரல் இதை நெஞ்சுவலிக்கு மருந்தா எழுதினார். கடைசிக் காலத்துல நோபலுக்கே இதய நோய் வந்து டாக்டர்கள் இதையே சாப்பிடச் சொன்னாங்க, அது விதியோட விளையாட்டுன்னு அவர் ஒரு கடிதத்துல எழுதியிருக்கார். 1896ல செத்தார். உடம்புக்குள்ள இது நைட்ரிக் ஆக்சைடா மாறி ரத்தக் குழாயைத் தளர்த்துதுங்கற விஷயம் நூறு வருஷம் கழிச்சுத்தான் தெளிவாச்சு, நைட்ரிக் ஆக்சைடு ஆராய்ச்சிக்காக ஃபர்ச்காட், இக்னாரோ, முராத் மூணு பேருக்கும் 1998ல மருத்துவ நோபல் பரிசு கிடைச்சது. நம்ம ஊர்ல நாக்குக்கு அடியில வைக்கிற சார்பிட்ரேட் மாத்திரை இதோட நெருங்கின உறவு. மாத்திரை வெடிக்குமான்னு பயப்பட வேண்டாம், இருக்கறது சில மில்லிகிராம்தான், அதுவும் வேற பொருளோட கலந்து நீர்த்துப் போனது.

இந்தியாவுல இன்னும் டைனமைட் பயன்படுத்தறாங்களா?

நைட்ரோகிளிசரின் சேர்ந்த வெடிபொருளை இந்தியாவுல 2004 ஏப்ரல்ல இருந்து தடை பண்ணியாச்சு. உலகம் பூராவும் 1950கள்ல இருந்தே அம்மோனியம் நைட்ரேட் அடிப்படையிலான வெடிபொருள்கள் இடத்தைப் பிடிச்சுடுச்சு, விலை கம்மி, தட்டினா வெடிக்காது, தலைவலி இல்ல. குவாரில "ஜெலட்டின் குச்சி"ன்னு சொல்றாங்களே, அந்தப் பேர் நோபல் 1875ல கண்டுபிடிச்ச ஜெலட்டின் வெடில இருந்து வந்தது, இப்போ குச்சிக்குள்ள இருக்கறது பெரும்பாலும் குழம்பு பதத்துல இருக்கற புது வகைகள், பேர் மட்டும் நிலைச்சுடுச்சு. வாங்க, வைக்க, ஏத்திட்டு போக, வெடிக்க எல்லாத்துக்கும் லைசென்ஸ் வேணும், 1884ஆம் வருஷத்து வெடிபொருள் சட்டம் இன்னும் நடைமுறைல இருக்கு. வீட்ல செய்யலாமாங்கற கேள்விக்கு இங்க பதில் கிடையாது, அது குற்றம், அதோட எமிலுக்கு நடந்ததை மேலயே சொல்லியாச்சு.

டைனமைட் போட்டு மீன் பிடிக்கறது ஏன் தடை?

இலங்கைக் கரையோரத்துல இது இன்னும் தீராத பிரச்சனை, சட்டப்படி தடை இருந்தும் நடக்குது. தண்ணி அமுங்காதுங்கறதால அதிர்ச்சி அலை அப்படியே பாயும், மீனோட உடம்புல இருக்கற காத்துப்பை கிழிஞ்சிடும், செத்த மீன்ல நிறைய மேல மிதக்காம அடியில போயிடும். குஞ்சு, முட்டை, பவளப்பாறை எல்லாம் சேர்ந்து போகும். ஒரு நொடில உடைஞ்ச பவளப்பாறை திரும்ப வளர பல பத்து வருஷம் வேணும், அந்த இடத்துல மீனும் வராது, அப்போ வலை போட்டு ஒழுங்கா தொழில் பண்ற பக்கத்து மீனவன்தான் நஷ்டப்படறான். எறியறதுக்குள்ள கையிலயே வெடிச்சு கை போனவங்களும் இருக்காங்க.

எங்கயாவது குச்சியோ டெட்டனேட்டரோ கிடக்கறதைப் பார்த்தா?

தொடாதீங்க, நகர்த்தாதீங்க, தண்ணி ஊத்தாதீங்க. பழைய குவாரி, கைவிட்ட கிணறு, குடோன் பக்கம் விளையாடற பசங்களுக்கு இதைக் கட்டாயம் சொல்லி வைங்க. டெட்டனேட்டர் பார்க்க பேனா மூடி அளவுல பளபளன்னு சின்ன உலோகக் குழாய், வயர் தொங்கும், பசங்களுக்கு எடுத்துப் பார்க்கத் தோணும், விரல் போறதும் கண்ணு போறதும் அதனாலதான். தூரமா வந்து, மத்தவங்களையும் கிட்ட போக விடாம நிறுத்தி, போலீசுக்கு சொல்லுங்க, இந்தியாவுல 112, இலங்கைல 119.